முழங்கையும் விசிலும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

என் மகன் நியூ இங்கிலாந்தில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கூடைப்பந்து அணியில் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற இடம். போன வெள்ளி இரவு ஒரு மேட்ச், மறுநாள் மதியம் வேறு ஊரில் இன்னொரு மேட்ச். இரண்டாவதில் ரீபவுண்டுக்கு, கூடையில் விழாமல் திரும்புகிற பந்துக்கு எம்பும்போது எதிரணிப் பையனின் முழங்கை பட்டு புருவம் கிழிந்து ஐந்து தையல். விசில் இல்லை. ஆனால் இவன் லேசாகக் கை வைத்ததற்கெல்லாம் விசில். ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார்ந்துவிட்டான். ரெஃப்ரிகள் உள்ளூர் அணிக்குச் சாதகமா? இந்தியப் பையன் என்கிற இளக்காரமா? அவன் கல்லூரி ஆடுகிற லீகான கான்ஃபரன்ஸின் கமிஷனருக்குப் புகார் அனுப்ப வீடியோவை வெட்டி வைத்திருக்கிறேன், உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. விட்டுவிட்டுப் படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா? நேற்றிலிருந்து லேசாகத் தலை வலிக்கிறது என்கிறான். நீங்கள் கல்லூரியில் ஆடியவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

தலை வலிக்கிறது என்பதைக் கடிதத்தின் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும். ரெஃப்ரியைப் பற்றி அத்தனை எழுதியவர் பையனின் தலையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினால் எனக்குக் கோபம் வராதா? இதைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே அவனைக் கூப்பிடுங்கள். வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, படித்தது மனதில் நிற்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னாலும் அணியில் காயங்களைப் பார்த்துக்கொள்கிற அத்லெட்டிக் டிரெய்னரிடம் இன்றைக்கே போகச் சொல்லுங்கள். தலைக்காயத்துக்கென்று ஒவ்வொரு கல்லூரியும் எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பு 2010லேயே விதி போட்டுவிட்டது. அறிகுறி தெரிந்த பையனை அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் சரி என்று சொல்கிறவரை பயிற்சியும் கிடையாது. ஆனால் பையன் வாயைத் திறந்தால்தானே அந்த விதிக்கு உயிர். இடம் போய்விடும் என்ற பயத்தில் இந்த வயதுப் பிள்ளைகள் எதையும் மறைப்பார்கள். உங்களிடம் சொல்லியிருக்கிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுங்கள்.

இந்தியப் பையன் என்கிற சந்தேகத்துக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒரு மேட்சின் வீடியோ துண்டுகளை வைத்துக்கொண்டு அதைப் பேசக் கூடாது, அவன் காதில் அதைப் போடவும் கூடாது.

முழங்கையைப் பார்க்காதவர்கள் கை வைத்ததை மட்டும் எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று ரெஃப்ரிகள் நிற்கிறார்கள். லீட் கூடைக்கு அடியில், டிரெயில் பின்னால், சென்டர் எதிர்ப்பக்கத்தில். எதிரணிக் கார்டு வெளியே பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு வருகிறான், அவன் மேல் உங்கள் பையன் கை வைக்கிறான், சுற்றிலும் ஆளே இல்லை. அது தெரியாமல் எப்படி இருக்கும்? ரீபவுண்டில் ஏழெட்டு உடம்புகள் ஒரே இடத்தில் எம்புகின்றன, முழங்கை ஒரு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, லீடுக்கு அந்த முதுகுதான் தெரியும். பெரிய கல்லூரிகளில் மானிட்டரில் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள், சின்னக் கல்லூரி ஜிம்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. அந்த மூன்று பேரும் மேட்சுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வருகிறவர்கள், பலருக்குப் பகலில் வேறு வேலை. சனிக்கிழமை மதியம் உங்கள் பையனைத் தோற்கடிக்கவென்று பனியில் காரோட்டி யாரும் வரமாட்டார்கள்.

சரி, உங்களுக்கு நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாகக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் நினைவாகவே இருக்கிறேன். 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்த மாணவர்களுக்கு ஒரு ஆட்டம் கண்டுபிடி என்று அவரிடம் சொல்கிறார்கள். அவர் தெரிந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதனால் முரட்டுத்தனம் வருகிறது என்று பார்க்கிறார். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனைத்தான் மற்றவர்கள் பிடித்து வீழ்த்துகிறார்கள், ஆகவே பந்தோடு ஓடக் கூடாது. கோல் தரையில் இருந்தால் ஓங்கி அடிப்பார்கள், ஆகவே தலைக்கு மேலே, பத்தடி உயரத்தில். அவர் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறுவது, அடிப்பது எதுவும் கூடாது என்கிறது. இரண்டாவது தடவை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே. ஆளைப் பார்க்க ஒரு நடுவர், பந்தைப் பார்க்க இன்னொருவர் என்று அன்றைக்கே பிரித்துவைத்தார். முரட்டுத்தனத்தை வெளியே தள்ளுவதற்காகவே பிறந்த ஆட்டம் இது. அந்தப் பள்ளிதான் இன்றைக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரி. உங்கள் பையன் ஆடுகிற, விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் தராத அதே மூன்றாம் டிவிஷனில்தான் அதுவும் ஆடுகிறது.

அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். எங்கள் பிடி சார் அந்த நந்தனம் கல்லூரியில் படித்தவர். சிமெண்ட் கோர்ட், மார்ச் மாதச் சாயங்காலம், தரையின் சூடு ஷூவைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறும். ஆளுக்கொரு துண்டு கொண்டுவரச் சொல்வார். துண்டைப் பின்கழுத்தில் போட்டு இரண்டு நுனியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு டிஃபென்ஸ் ஆட வேண்டும். எதிரே பந்தோடு வருகிறவன் எந்தப் பக்கம் போனாலும் முழங்காலை மடக்கி, காலை மட்டும் நகர்த்தி, அவனுக்கு முன்னால் நெஞ்சைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். துண்டை விட்டவனுக்குக் கோர்ட்டைச் சுற்றி ஓட்டம். ஆரம்பத்தில் கையில்லாதவன் போல இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆனால் கடைசி அரை மணி நேரத்தில், தொடை நடுங்க ஆரம்பித்ததும், எங்கள் கை தானாகத் துண்டை விட்டுவிட்டு எதிராளியின் இடுப்புக்குப் போகும். ஒழுங்காக ஆடுகிற பையன்களுக்கும் போகும். சார் அதைப் பார்த்ததும் பயிற்சியை முடித்துவிடுவார், திட்டமாட்டார். கால் தீர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போங்கடா என்பார்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வாருங்கள். நீங்கள் அனுப்பிய துண்டுகளைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மேட்சில் உங்கள் பையன் காலால் ஆடுகிறான். ஆளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறான், கை இரண்டும் விரிந்து காற்றில் நிற்கிறது, அழகாக இருக்கிறது. சனிக்கிழமை இரண்டாம் பாதியில் அதே பையன் நிமிர்ந்து நிற்கிறான். முழங்கால் மடங்கவில்லை. ஆள் தாண்டிப் போன பிறகு கை போகிறது. அவனுடைய நாலாவது ஃபவுலும் ஐந்தாவது ஃபவுலும் அதுதான். இரண்டும் ஃபவுல்தான், ஆர். அந்த முழங்கையையும் பாருங்கள். அந்தப் பையன் வேண்டுமென்று வீசவில்லை, எம்ப முடியாமல் கையை விரித்து இடம் பிடிக்கிறான். அவனுடைய அணியும் முந்தின நாள் இரவு ஆடியிருக்கும்.

கமிஷனருக்கு ஏதாவது எழுதுவதென்றால் அட்டவணையைப் பற்றி எழுதுங்கள். மூன்றாம் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 25 மேட்ச் வரை. நவம்பரில் தொடங்கி, டிசம்பரில் பரீட்சைக்கு நிறுத்தி, ஜனவரி பிப்ரவரிக்குள் கான்ஃபரன்ஸ் மேட்சுகளை முடித்தாக வேண்டும். வகுப்பு கெடக் கூடாது என்பதால் வாரக் கடைசியில் வைக்கிறார்கள். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஸ்காலர்ஷிப் இல்லாத டிவிஷனின் பெருமையே அதுதான். ஆனால் வெள்ளி இரவு ஒரு ஊர், சனி மதியம் பக்கத்து ஊர் என்று வைப்பதில் வகுப்பைவிட ஹோட்டல் செலவும் பஸ் செலவும்தான் பேசுகின்றன என்று நினைக்கிறேன். வெள்ளியும் ஞாயிறும் ஆடுகிற கான்ஃபரன்ஸ் இருக்கிறதே. எமரி, சிகாகோ, நியூயார்க் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்த யுஏஏ என்ற கான்ஃபரன்ஸின் அணிகள் விமானத்தில் போய்க்கூட நடுவில் ஒரு நாள் விட்டுத்தான் ஆடுகின்றன. அவர்களிடம் பணம் இருக்கிறது என்பீர்கள். பணம் இல்லையென்றால் மேட்சைக் குறைக்கலாம், நவம்பரில் வெற்றிக் கணக்கு ஏற்றுவதற்காக வைக்கிற சப்பை மேட்சுகளை முதலில் எடுக்கலாம். 2012 நவம்பரில் கிரினெல் கல்லூரி ஒரு சின்ன பைபிள் கல்லூரியை 179–104 என்று அடித்தது, ஒரே பையன் 138 புள்ளி. நாடே கைதட்டியது. எனக்கு அந்த மேட்ச் அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. யாருடைய ஆட்டமும் அதில் வளரவில்லை.

விதியை இறுக்கினால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். 2013–14இல் இறுக்கிப் பார்த்தார்கள். பந்து வைத்திருப்பவன் மேல் கையையோ முன்கையையோ வைத்தே இருந்தால் ஃபவுல், இரண்டு கையும் வைத்தால் ஃபவுல், குத்திக் குத்தி எடுத்தால் ஃபவுல், கையைக் குறுக்கே போட்டு மறித்தால் ஃபவுல். அதற்கு முந்தின சீசனில் முதல் டிவிஷனில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிக்கு இறங்கியிருந்தது, அறுபது வருடத்தில் அவ்வளவு குறைந்ததில்லை. விசில் ஊதியதும் ஏறியது. மறு சீசனிலேயே விசில் தளர்ந்தது, புள்ளியும் பழைய இடத்துக்கே இறங்கியது. ஜனவரி வந்தால் பயிற்சியாளர்கள் "பிள்ளைகளை ஆட விடுங்கள்" என்று கத்துவார்கள், பெற்றோர்களும் கூடவே கத்துவார்கள். உங்கள் பையன் இடித்தபோது நீங்கள் "குட் டிஃபென்ஸ்" என்று கத்துவது வீடியோவில் கேட்கிறது. அப்புறம் முழங்கை எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? கேலரியிலிருந்து நாம் கேட்டு வாங்குவதும் அதில் இருக்கிறது.

விட்டுவிடச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கலிஃபோர்னியாவின் பெயர்பெற்ற அறிவியல் கல்லூரியான கால்டெக்கின் அணி தன் கான்ஃபரன்ஸில் தொடர்ந்து 310 மேட்ச் தோற்று, 2011 பிப்ரவரியில் ஆக்சிடென்டல் கல்லூரியை 46–45 என்று ஜெயித்தது. நடுவில் கால் நூற்றாண்டு. ஆடியவர்கள் எல்லாரும் படிப்பில் புலிகள், அவர்கள் யாரும் படிப்புக்குக் கேடு என்று ஓடவில்லை. உங்கள் பையன் அணியில் இருப்பது அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், அதுவும் தையல் பிரித்து தலைவலி போன பிறகு.

வெட்டி வைத்த வீடியோவைக் கமிஷனருக்கு அனுப்ப வேண்டாம். அதற்குப் பதிலாகக் கான்ஃபரன்ஸில் உள்ள எல்லாக் கல்லூரி அணிகளுக்கும் வெள்ளி மேட்சில் எத்தனை ஃபவுல், சனி மேட்சில் எத்தனை ஃபவுல், எத்தனை காயம் என்று இரண்டு சீசனுக்குக் கணக்கெடுங்கள். ஃபவுல் கணக்கு ஒவ்வொரு மேட்சின் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோரில் இருக்கிறது, எல்லாக் கல்லூரித் தளங்களிலும் கிடைக்கும். காயக் கணக்கு வெளியே வராது, மற்ற பெற்றோர்களிடம் கேட்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து அத்லெட்டிக் டைரக்டரைப் போய்ப் பாருங்கள். நான் சொல்வது தப்பு என்று கணக்கு காட்டினாலும் எனக்கு அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.

டிரெய்னர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு ராத்திரியே ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.