கிரகணம் இல்லாத நாளில் நிறுத்திப் பார்த்தீர்களா? (அறிவியல் கேள்வி-பதில்)

கே: மின்னல் எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? (மன்னார்குடி)

ப: மின்னலைப் பார்த்ததும் விநாடிகளை எண்ணுங்கள். இடி கேட்டதும் நிறுத்தி மூன்றால் வகுத்தால், கிலோமீட்டரில் விடை. இடி காதில் விழுகிற தூரமே ஆபத்தான தூரம்தான். மரத்தடியில் நின்று எண்ணாதீர்கள், வீட்டுக்குள் போய் எண்ணுங்கள்.

கே: கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால்தானே வெயில் கொளுத்துகிறது? (வேலூர்)

ப: இல்லை. மிகவும் கிட்டே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழிக் குளிரில்: சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது.

கே: என் மகள் ஒரு செடிக்குத் தினமும் வீணை இசை போட்டாள். ஒரு மாதத்தில் 12 வளர்ந்துவிட்டது. இசையால் செடி வளரும் என்று பள்ளிக் கண்காட்சியில் எழுதலாமா? (கரூர்)

ப: 12 என்ன? சென்டிமீட்டரா, அங்குலமா, இலையா? அலகு இல்லாத எண் எண்ணே அல்ல. இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதிவிட்டேன்! இசை கேட்காத செடி எத்தனை வளர்ந்தது என்பதும் கடிதத்தில் இல்லை. ஒரே விதைப் பொட்டலம், ஒரே மண், ஒரே வெயில், ஒரே அளவு தண்ணீர் என்று இருபது தொட்டி வைக்கச் சொல்லுங்கள். பத்துக்கு இசை, பத்துக்கு இல்லை. வித்தியாசம் வராவிட்டால் அதையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடிவுதான்.

கே: பரிணாமம் வெறும் தியரிதானே, நிரூபிக்கவில்லையே? (பெயர், ஊர் இல்லை)

ப: பேச்சில் நாம் தியரி என்பது ஊகத்தை. அறிவியலில் சோதனைக்குக் காத்திருக்கும் ஊகத்துக்குக் கருதுகோள் என்று தனிச் சொல்லே உண்டு. கோட்பாடு என்பது பல சோதனைகளைத் தாங்கி நின்ற விளக்கம். அது தேறி ஒருநாள் விதியாகப் பதவி உயர்வு பெறும் என்று நினைப்பதும் தவறு. என்ன நடக்கும் என்பதைச் சொல்வது விதி, ஏன் நடக்கிறது என்பதைச் சொல்வது கோட்பாடு. தொற்றுநோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்பதும் தியரிதான். அதற்காகக் கை கழுவாத மருத்துவரிடம் அறுவை செய்துகொள்வீர்களா? மீனுக்கும் நிலத்தில் நடந்த விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் இருந்திருந்தால் சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழைய பாறையில் கிடைக்க வேண்டும் என்று கணித்துத்தான் கனடாவின் வடகோடியில் தேடினார்கள். 2004-இல் அப்படிப்பட்ட உயிரான டிக்டாலிக்கின் புதைபடிவம் கிடைத்தது.

கே: கிரகணத்தின்போது உலக்கை தானாக நிற்கிறது. நானே என் கண்ணால் பார்த்தேன். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது? (திண்டுக்கல்)

ப: கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை. உலக்கை நிற்கும். கேள்வி அது அல்ல. கிரகணம் இல்லாத நாளில் நிறுத்திப் பார்த்தீர்களா? முப்பது வருடமாக நான் கேட்டுவரும் கேள்வி இது. "ஆம்" என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை.

26 டிசம்பர் 2019 அன்று கங்கண சூரிய கிரகணம் உங்கள் ஊரிலேயே தெரிந்தது. அன்று எங்கள் தெருவிலும் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார்கள். மறுநாள் காலை அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நிறுத்தினோம். மூன்றாம் முயற்சியில் நின்றது. உலக்கைக்குச் சொந்தக்காரப் பாட்டி, "கிரகண சக்தி இன்னும் மிச்சம் இருக்கும்" என்றார். தாராளமாக இருக்கலாம், அதுவும் ஒரு கருதுகோள்தான். ஒரு மாதம் கழித்துப் பார்த்தோம். அப்போதும் நின்றது. பாட்டி உலக்கையைத் தலைகீழாகத் திருப்பி அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பூண் தேஞ்ச பழைய உலக்கை ஒண்ணு பரண்ல கிடக்கு, அது நிக்குதா பாருங்கடா" என்றார். அது நிற்கவில்லை. பூண் தட்டையாக இருந்து, எடையின் மையம் அடிப்பரப்புக்கு நேர்மேலே விழுந்தால் எந்த நாளும் நிற்கும். படிக்காத அந்தப் பாட்டி கேட்ட கேள்வியைத் தொலைக்காட்சியில் உலக்கை காட்டுபவர்கள் ஒருநாளும் கேட்பதில்லை.

சூரியனும் நிலவும் ஒரே பக்கம் இழுப்பதால் நிற்கிறது என்றால், அமாவாசைதோறும் ஏறக்குறைய அப்படித்தான் இழுக்கின்றன. அமாவாசைக்கு அமாவாசை உலக்கை நிமிர்ந்துகொண்டிருக்க வேண்டுமே! இன்னொன்று: எத்தனை முறை சாய்ந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். சாய்ந்ததை மறந்து, நின்றதை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் அது சோதனை ஆகாது. ஆர்வத்தில் சூரியனை வெறும் கண்ணால் பார்த்துவிடாதீர்கள். எக்ஸ்ரே படச் சுருளும் கூடாது.

கே: வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமா? (நாகப்பட்டினம்)

ப: ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே அப்படித்தான் நினைத்தார். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், நிக்கோல் பட்டகம் என்ற ஒளிவடிகட்டியால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, இன்னும் அடர்ந்தது. நீர் சிவப்பை உறிஞ்சுகிறது, நீலம் சிதறி நம்மிடம் வருகிறது. வானத்தை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தாரே, மேலே திண்டுக்கல் வாசகரிடம் நான் கேட்பதும் அதைத்தான்.

கே: ஊட்டியில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? (கோத்தகிரி)

ப: காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வையுங்கள்.

கே: விஞ்ஞானிகள் அடிக்கடி மாற்றிச் சொல்கிறார்களே, எதை நம்புவது? (தூத்துக்குடி)

ப: யுரேனஸ் கணக்கிலிருந்து பிசகியபோது, வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவரியே. அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் பிசகியபோதும் அதே உத்தியில், சூரியனுக்கு அருகே வல்கன் என்று ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். பல வருடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. அதே மனிதர், அதே கணக்குமுறை. ஆனால் அவர் பெரியவர் என்பதற்காக வல்கனை யாரும் பாடப்புத்தகத்தில் நிரந்தரமாக்கவில்லை. நூறாண்டுக்கு 43 விகலை (விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்ற புதனின் அந்தப் பிசகைப் புதுக் கோள் எதுவும் இல்லாமலே ஐன்ஸ்டைன் 1915-இல் விளக்கினார்.