தொலைபேசிக் கண்டுபிடிப்புக்குக் கனடாவில் சிலை இருக்கிறதாமே, போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஒண்டாரியோவின் பிராண்ட்ஃபோர்டு நகரத்தில். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை நயாகராவுக்கு இரண்டு தடவை கூட்டிப்போய்விட்டு, அடுத்து எங்கே என்று முழித்துக்கொண்டுதான் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் அப்பாவோடு போனேன். அப்பா முப்பத்தொரு வருஷம் டிரங்க் ஆபரேட்டராக, அதாவது தொலைபேசி நிலையத்தில் கம்பியைச் செருகி வெளியூர் அழைப்புகளுக்கு லைன் போட்டுக் கொடுப்பவராக இருந்தவர்.

அகலமான படிகள். இந்தக் கோடியில் பீடத்தின்மேல் ஒரு வெண்கலப் பெண், அந்தக் கோடியில் இன்னொருத்தி. ஒருத்தி பேசுகிறாள், மற்றவள் கேட்கிறாள். நடுவில் பெரிய புடைப்புச் சிற்பம்: சாய்ந்து கிடக்கும் ஒரு மனிதன், அவனை நோக்கி மிதந்து வரும் அறிவு, மகிழ்ச்சி, துயரம். ஒரு ரிசீவரோ கம்பியோ என் கண்ணில் படவில்லை. சிற்பி வால்டர் அல்வார்டு. 1908-இல் அவரிடம் வேலையைக் கொடுத்து, 1917 அக்டோபர் 24-இல்தான் திறந்திருக்கிறார்கள். விழாவுக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல்லே வந்திருந்தார்.

(தொலைபேசியைக் கண்டுபிடித்தது பெல் இல்லை, மெயூச்சி, கிரே என்று சண்டைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பெல்லின் காப்புரிமை 1876 என்று எனக்கும் தெரியும். யோசனை 1874-இல் பிராண்ட்ஃபோர்டில் உதித்தது, கருவி பிறந்தது பாஸ்டனில் என்பது பெல் சொன்ன கணக்கு.)

அப்பா இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசுறவ இருக்கா, கேக்குறவ இருக்கா. லைன் போட்டுக் குடுத்தவன் எங்கடா?"

சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்வி. 1876 ஆகஸ்ட் 10 அன்று பிராண்ட்ஃபோர்டிலிருந்து பாரிஸுக்கு (பிரான்ஸ் இல்லை, பக்கத்து ஊர்) சுமார் 13 கிலோமீட்டர் குரல் போனதே, அது தந்திக் கம்பியில்தான் போனது. பேட்டரி இருந்ததோ டொரண்டோவில். பாரிஸ் பக்கத்திலிருந்து திரும்பிப் பேச வழி கிடையாது, அங்கே இருந்த பெல் காதில் வைத்துக் கேட்டதோடு சரி. தந்தி ஆபீஸ் ஆட்கள் கைகொடுக்காமல் இது நடந்திருக்குமா?

சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போகிறேன், பரவாயில்லை. அந்தக் காலத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அண்ணே, அவசரமா ஒரு லைன்" என்று அப்பாவிடம் கெஞ்சிய சொந்தங்களில் ஒருத்தராவது, காசே செலவில்லாத இந்த வாட்ஸ்அப் காலத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்களா? இல்லை.

டொரண்டோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பூங்காதான், டிக்கெட் இல்லை. சிலைகளோடு நிற்கச் சொன்னால் அப்பா கேட்கவில்லை. இரண்டுக்கும் சரியாக நடுப்படியில் போய் நின்று, இல்லாத இணைப்புக் கம்பி ஒன்றை வலது கையால் உருவித் தலைக்குமேல் செருகுகிற மாதிரி வைத்துக்கொண்டு, "இப்ப எடு" என்றார்.