முந்திரி பச்சையா, அவல் பச்சையா?

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தினமும் இரண்டு வேளை சமைக்காத உணவு என்று ஆரம்பித்திருக்கிறேன். முந்திரி, பாதாம், அவல், பேரீச்சை, தேன், செக்கு எண்ணெய் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் கேட்டால் எல்லாமே பச்சைதான் என்கிறார்கள். உண்மையிலேயே சூடு படாதது எது, மதுரையில் எங்கே கிடைக்கும்? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்."

நீங்கள் வாங்கியதில் முந்திரியும் அவலும் பச்சை கிடையாது. கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. வறுக்காமல், உப்புப் போடாமல் இருந்தால் அது அவருக்குப் பச்சை முந்திரி. அதற்கு முன்னால் அந்தப் பருப்பு எங்கெங்கே போய் வந்தது என்பது அவர் கைக்கு வரும்போது தெரியாது.

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு கறுத்த எண்ணெய் இருக்கிறது. தோலில் பட்டால் தீப்பட்டது போலப் புண்ணாகிவிடும். அதனால் ஆலைகளில் கொட்டையை நீராவியில் அவித்தோ, வறுத்தோ எடுத்த பிறகுதான் ஓட்டை உடைக்கிறார்கள். உடைத்த பருப்பின் மேல் செம்பழுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டு வரும். அது சுருங்கிக் கழன்றால்தான் வெள்ளையாக உரிக்க முடியும். அதற்காகப் பருப்பைத் தட்டுத் தட்டாக அடுக்கி, சூட்டறைக்குள் 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்காகக் காயவைக்கிறார்கள். ஆக, பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் முந்திரி பெரும்பாலும் இரண்டு தடவை சூடு பார்த்ததுதான். பச்சைக் கொட்டை கிடைத்தது என்று வீட்டில் நீங்களாக உடைத்துப் பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும்.

அவலும் அப்படித்தான். நெல்லை வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்து, வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்தோ இயந்திரத்தில் தட்டியோ எடுப்பதுதான் அவல். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கிண்ணத்தில் பச்சரிசி, இன்னொன்றில் அவல், இரண்டிலும் ஒரே தண்ணீர். அவல் சீக்கிரமே மெத்தென்று ஆகிவிடும். பச்சரிசி இரவெல்லாம் ஊறினாலும் கடித்தால் நறுக்கென்றுதான் இருக்கும். ஊறினதுமே சாப்பிட முடிகிற தானியம் எங்கோ ஏற்கெனவே வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் கடையில் "இது பச்சையா?" என்று கேட்காதீர்கள். ஓட்டை எப்படி நீக்கினார்கள், எதில் காயவைத்தார்கள், கெடாமல் இருக்க என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். சமைக்காத உணவுக்காரர்களின் அலமாரிக்குள் சூடு நுழைவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான். மஞ்சள் கிழங்கை வேகவைத்துத்தான் காயவைக்கிறார்கள். போடிப் பக்கம் ஏலக்காயைப் பெரும்பாலும் சூட்டறையில்தான் உலர்த்துகிறார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி மூன்றும் காய்ச்சினவை. பொட்டுக்கடலை வறுத்தது. ஜவ்வரிசியும் சூடு பட்டதுதான்.

சூட்டுக்கு எங்கே கோடு போடுவது என்று கேட்டால், 40 டிகிரியிலிருந்து 48 வரை ஒவ்வொருவர் ஒரு எண் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் நம் ஊர் மொட்டை மாடியில் காயும் மிளகாயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வெயிலில் காய்ந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள், அடுப்பும் நீராவியும் பட்டதை மட்டும் விலக்குங்கள். இதுதான் என் கருத்து. தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது.

விதைகளுக்கு வீட்டிலேயே நல்ல சோதனை இருக்கிறது: முளைகட்டிப் பாருங்கள். பச்சைப்பயறு, முழுக் கொண்டைக்கடலை, தோல் உரிக்காத நிலக்கடலை, கம்பு, கேழ்வரகு எதுவானாலும் ஒரு கைப்பிடி ஊறவைத்துத் துணியில் கட்டினால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். அவித்த விதை முளைக்காது. ஆனால் முளைக்காததெல்லாம் சூடுபட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய விதை முளைக்காது. உடைத்த பருப்பும், உமி நீக்கிய குதிரைவாலி, சாமை அரிசியும் பச்சையாகவே இருந்தாலும் முளைக்காது. பாதாமைப் பொறுத்தவரை, கலிபோர்னியா சரக்குக்குக் கிருமிநீக்கம் கட்டாயம் என்று 2007-ல் வந்த விதி அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் விற்பதற்கானது. இந்தியாவுக்கு வருவதற்கு அது பொருந்தாது. ஓட்டோடு வாங்கி நீங்களே உடைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

பேரீச்சையில் பிசுபிசுவென்று மெத்தென்று இருப்பதை நம்ப வேண்டாம். காய்ந்துபோன பழத்துக்கு நீராவி காட்டி மெத்தென்று ஆக்குவது உண்டு. உங்களுக்குச் சர்க்கரை வேறு இருப்பதால், அந்த இடத்தில் ஒரு கொய்யாவை வைத்துக்கொள்ளுங்கள்.

தேனுக்கு வருவோம். பாட்டிலில் வரும் தேனைப் பெரும்பாலும் 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி வடிகட்டுகிறார்கள். சீக்கிரம் உறையாது, புளிக்காது என்பதற்காக. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, காகிதத்தில் சொட்டு விடுவது போன்ற சோதனைகளால் தேன் சூடு பட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நத்தம், சிறுமலை அடிவாரத் தோப்புகளில் பெட்டி வைத்திருப்பவர் யாரையாவது பிடித்து, அடையைச் சுழற்றி எடுத்த தேனை அப்படியே வாங்குங்கள். நாளடைவில் அடியில் உறைந்தால் பயப்படாதீர்கள், நல்ல தேனும் உறையும். நுரைத்துப் புளிப்பு வாடை வந்தால் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது.

மரச்செக்கு எண்ணெய் ஆட்டும்போது லேசாகச் சூடேறும், அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவது நம் வழக்கம். அந்தக் கருப்பட்டி காய்ச்சினது. கறாராக இருக்க நினைத்தால் கடலை எண்ணெய் வாங்குங்கள். தேங்காய் எண்ணெயில் கொப்பரை வெயிலில் காய்ந்ததா, புகைமூட்டம் போட்டதா என்று செக்குக்காரரிடமே கேளுங்கள். என்னைக் கேட்டால், தேங்காயையும் எள்ளையும் அப்படியே மென்று சாப்பிடுவதுதான் மேல்.

மதுரையில் இதற்கெல்லாம் அலைய வேண்டியதில்லை. அண்ணா நகர் உழவர் சந்தை 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்தது. அங்கே பயிரிட்டவரே விற்பதால் "எப்படிக் காயவைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைக்கும். முழுப்பயறும் தானியமும் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் கட்டுப்படியான விலைக்குக் கிடைக்கும். கேட்கும்போது "விதைக்குப் போட்டால் முளைக்குமா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் உடனே சரியான மூட்டையைக் காட்டுவார். பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கம்பு வந்தால் விடாதீர்கள். கோடையில் நுங்கும் பதநீரும் உண்டு. பதநீரில் சுண்ணாம்பு இருக்குமே தவிர சூடு இருக்காது, இனிப்பு அதிகம் என்பதால் உங்களுக்கு ஒரு வாய் போதும். ஊறுகாய் வேண்டுமென்றால் மாவடு. உப்பிலேயே ஊறி நிற்பது, அடுப்பே தேவையில்லை.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். சிலவற்றைப் பச்சையாகத் தொடவே கூடாது. ராஜ்மாவில் இருக்கும் நச்சு முளைகட்டினாலும் போகாது, நன்றாகக் கொதித்தால்தான் போகும். பொங்கல் நேரத்தில் குவியும் பச்சை மொச்சை, மரவள்ளிக்கிழங்கு இரண்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கருணைக்கிழங்கு தொண்டையைக் கிழித்துவிடும். கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால் புரூசெல்லா, காசநோய்க் கிருமிகள் வரலாம்.

முளைப்பயறும் நம் ஊர் வெக்கைக்குச் சீக்கிரம் கெடும். முளை விடும் அதே வெதுவெதுப்பில் கிருமியும் பெருகும். நல்ல குடிநீரில் ஊறவைத்து, துணியைத் தினம் வெந்நீரில் அலசி, முளை தெரிந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வழுவழுத்தால் கொட்டிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ சிறு குழந்தையோ இருந்தால் அவர்களுக்கு வேகவைத்தே கொடுங்கள். 1929-ல் காந்தியடிகள் சில மாதங்கள் சமைக்காத உணவைச் சோதித்து, வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்தினார். அவ்வளவு கட்டுப்பாடான மனிதருக்கே வயிறு ஒத்துழைக்கவில்லை.

மாத்திரையைப் பற்றி: இட்லியும் சோறும் போன இடத்தில் பச்சைக் காய்கறி வந்தால் சர்க்கரை வேகமாகக் குறையும். பழைய அளவிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தால், சில மாத்திரைகளில், தாழ்சர்க்கரையாகி மயக்கம் வரலாம். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். இளநீரும் பழமும் அதிகமாகச் சேர்ப்பதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள், பொட்டாசியம் ஏறக்கூடும். பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள் என்றால் வைட்டமின் பி12 எந்தக் காய்கறியிலிருந்தும் கிடைக்காது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் குறையும். அதற்கான ரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.