குளிர்கால விருந்தும் ஆறிப்போகும் குழம்பும்

கேள்வி: குளிர்காலம் வந்துவிட்டால் வார இறுதிகளில் உறவினர்களையும் நண்பர்களையும் வீட்டுக்கு அழைத்து வயிறாரச் சாப்பிட வைப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நான்கு பேருக்குச் சமைக்கும்போது நன்றாக வரும் இறைச்சிக் குழம்பு, பன்னிரண்டு பேருக்குச் சமைத்தால் நீர்த்துப்போகிறது; இறைச்சியும் ரப்பர் போல இருக்கிறது. எல்லோரும் உட்காருவதற்குள் உணவு ஆறிவிடுகிறது. நானோ கடைசி வரை அடுப்படியை விட்டு நகர முடிவதில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குறைகளுக்குக் கைப்பக்குவத்தைப் பழி சொல்ல வேண்டாம். விருந்தன்று காலையில்தான் நீங்கள் அடுப்பையே பற்றவைக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். குளிர்காலத்தில் நாம் விரும்பும் கனமான உணவுகளில் பல, மெல்ல வெந்து, ஓர் இரவு ஊறி, மறுநாள் சூடுபடுத்தும்போது சுவை கூடுபவை. எனவே குழம்பை முந்தைய நாளே சமைத்துவிடுங்கள்.

நீர்த்துப்போவதற்கான காரணத்தை முதலில் பார்ப்போம். அளவை மும்மடங்காக்கும்போது இறைச்சியையும் வெங்காயத்தையும் மும்மடங்காக்கலாம். தண்ணீரை அப்படி ஆக்கக் கூடாது. குழம்பு வற்றும் வேகம் பெரும்பாலும் பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது. பெரிய பாத்திரத்தில் குழம்பு ஆழமாக நிற்குமே தவிர, அதன் மேற்பரப்பு மும்மடங்கு விரிவதில்லை என்பதால், வற்ற வேண்டிய நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. இறைச்சி முக்கால் பங்கு மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றித் தொடங்குங்கள். போதவில்லையென்றால் பிறகு கொதிநீர் சேர்த்துக்கொள்ளலாம். உப்பையும் காரத்தையும்கூடக் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைத்தே போட்டு, வற்றிய பிறகு ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அதைவிட முக்கியமானது வறுக்கும் முறை. பன்னிரண்டு பேருக்கான இறைச்சியை ஒரே சமயத்தில் வாணலியில் கொட்டினால், அது நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்து வெளுத்துவிடும். ஈரம் இருக்கும் வரை இறைச்சியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறாது. நாம் விரும்பும் பழுப்பு நிறமும் வறுவல் மணமும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் விரைவாக உண்டாகும். ஆகவே துண்டுகள் ஒன்றையொன்று நெருக்காதபடி நான்கைந்து முறையாக வறுத்தெடுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சிறிது நீர் விட்டுச் சுரண்டிக் குழம்பில் சேர்த்துவிடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் விருந்தினர் வாசலில் நிற்காத முந்தைய நாள் மாலையில் அந்தப் பொறுமை தானாகவே வந்துவிடும்.

இறைச்சி ரப்பர் போல இருப்பதற்கு, அது போதிய நேரம் வேகாததே பெரும்பாலும் காரணம். தோள்பட்டை, கால் போன்ற அதிகம் உழைத்த பகுதிகளில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் நிறைய இருக்கும். ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வேகும்போதுதான் அது கரைந்து ஜெலட்டினாக மாறி, இறைச்சியை மென்மையாக்குவதோடு குழம்புக்கும் கெட்டித்தன்மை கொடுக்கும். இதற்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு, கரண்டியால் அழுத்தினால் துண்டு பிரிகிறதா என்று பாருங்கள். தளதளவென்று கொதிக்க விடாமல், குமிழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்படி தீயை வையுங்கள். கொழுப்பில்லாத மென்மையான பகுதியை விலை கொடுத்து வாங்கி இப்படி வேகவைப்பது வீண். அது வறண்டு நார் நாராகிவிடும்.

சமைத்ததை ஆறவைப்பதில் கவனம் தேவை. குளிர்காலம்தானே என்று ஒருமுறை நானும் பெரிய பாத்திரத்தை அப்படியே மூடி, இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தது. அவ்வளவு குழம்பையும் கொட்ட வேண்டியதாயிற்று. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் என்பதால், குழம்பை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் மேலே கட்டியாகப் படிந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிடலாம். இது முந்தைய நாள் சமையலின் இன்னொரு லாபம். பரிமாறும் முன் அடிபிடிக்காமல் கிளறி, நன்றாகக் கொதிக்கும் வரை சூடாக்குங்கள்.

இறைச்சி உண்ணாதவர்களுக்கு முழுப் பயறு வகைகளையும் கிழங்குகளையும் சேர்த்த கெட்டியான சூப் அதே அளவுக்கு நிறைவைத் தரும். குளிர்ந்த நீரில் பயறு மெதுவாக ஊறும் என்பதால் ஊறும் நேரத்தைக் கூட்டுங்கள். தக்காளி போன்ற புளிப்பான எதையும் பயறு வெந்த பிறகே சேருங்கள்; முன்பே சேர்த்தால் பயறு மென்மையாக நெடுநேரமாகும். ராஜ்மாவாக இருந்தால் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது முழுக்கொதியில் வேகவைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் உள்ள நச்சு கடுமையான வாந்தியை வரவழைக்கும்.

ஆறிப்போவதற்குப் பெரும் காரணம் உங்கள் தட்டுகள். குளிர்ந்த பீங்கான் தட்டு, அதில் இடும் உணவின் சூட்டைச் சில நிமிடங்களிலேயே உறிஞ்சிவிடும். ஆட்டிறைச்சியின் கொழுப்பு அதில் பட்டவுடன் வெள்ளையாக உறைந்துபோகும். தட்டுகளைச் சில நிமிடம் வெந்நீரில் மூழ்கவைத்துத் துடைத்துக் கொடுங்கள். குழம்பைச் சிறு கிண்ணங்களில் பிரித்து வைக்காமல், அடிகனமான பாத்திரத்தை மூடியோடும் தடித்த துணிச் சுற்றலோடும் மேசையின் நடுவே வைத்தால், இரண்டாம் முறை கேட்பவருக்கும் ஆவி பறக்கப் பரிமாறலாம். சோறு, ரொட்டி போன்றவற்றைப் பந்தி தொடங்கும்போதுதான் அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் விருந்தன்று உங்களுக்கு மிஞ்சுவது குழம்பைச் சூடாக்குவதும் புதிதாக ஒரு காய்கறி வதக்குவதும்தான். இனிப்பை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள், “நான் என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்பவர் ஒருவராவது உங்கள் பட்டியலில் இருப்பார்.