பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட்: ஏ.பி.யா, டூயல் கிரெடிட்டா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே வசிக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. அமெரிக்க வரலாற்றை ஏ.பி.யாகவும் (பொதுத் தேர்வு எழுதிக் கல்லூரி கிரெடிட் பெறுவது) எடுக்கலாம், டூயல் கிரெடிட்டாகவும் (பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிப்பது) எடுக்கலாம் என்கிறார் பள்ளி கவுன்சிலர். நண்பர் ஒருவரின் மகன் பள்ளியை முடிக்கும்போதே 60 கிரெடிட் (பட்டத்துக்கான பாடங்களை அளக்கும் அலகு) சேர்த்துவிட்டான். கோயிலில் பார்க்கும்போதெல்லாம் அதே பேச்சு. நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் படித்தவர்கள். பிளஸ் டூ முடித்தால்தான் கல்லூரி என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. எத்தனை கிரெடிட் சேர்ப்பது நல்லது? இரண்டில் எது மேல்? நாங்கள் இன்னும் ஹெச்-1பி விசாவில்தான் இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: "எத்தனை" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தப் பட்டத்தில், எந்தப் பாடத்துக்குப் பதிலாக அந்த கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வருடங்களாகக் கல்லூரி மாணவர்களுக்குப் பாட ஆலோசனை சொல்லி வருகிறேன். என்னிடம் வந்த ஒரு பையனை இன்னும் மறக்க முடியவில்லை. பள்ளியிலேயே 36 கிரெடிட் ஹவர், அதாவது 36 கிரெடிட், முடித்திருந்தான், எல்லாவற்றிலும் ஏ. மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்ந்தான். கணக்கில் அவன் எடுத்திருந்தது காலேஜ் அல்ஜீப்ராவும் புள்ளியியலும். இயற்பியலில் எடுத்தது கால்குலஸ் இல்லாத வகை. கிரெடிட் எதையும் பல்கலைக்கழகம் தள்ளவில்லை, எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், ஏறியது. ஆனால் அவன் பட்டத்துக்கு வேண்டியிருந்தது கால்குலஸும் கால்குலஸ் வழி இயற்பியலும். எடுத்த கணக்கும் இயற்பியலும் வெறும் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) ஓரத்தில் நின்றுவிட்டன. மூன்றே வருடத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி வந்த குடும்பம் அது. அந்தத் தாயின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மகளுக்கு அது நேராமல் இருக்க, டெக்சாஸில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, கோர் கரிக்குலம். இந்த மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் இளநிலைப் பட்டத்துக்கு 42 கிரெடிட் ஹவர் பொதுப் பாடம் உண்டு. அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, எழுத்தும் பேச்சும் சார்ந்த பாடங்கள் 6, அறிவியல் 6, கணிதம் 3, மீதி கலை, பண்பாடு, சமூக அறிவியல் என்று பிரியும். ஒரு பொதுக் கல்லூரியில் முடித்த கோர் பாடத்தை இன்னொரு பொதுப் பல்கலைக்கழகம் கோர் பாடமாகவே ஏற்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வருங்கால இன்ஜினியரும் வரலாறு 6, அரசியல் 6 படித்தே ஆக வேண்டும், அதிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

இரண்டாவது, பாட எண். கம்யூனிட்டி காலேஜ்கள் (முதலிரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரிகள்) மாநிலம் முழுக்க ஒரே எண் முறையைப் பின்பற்றுகின்றன. இங்லிஷ் 1301 என்றால் முதல் இலக்கம் முதலாண்டுப் பாடம் என்பதையும், இரண்டாவது இலக்கம் 3 கிரெடிட் ஹவர் என்பதையும் குறிக்கும். இந்த எண்தான் உங்கள் கையிலிருக்கும் சாவி. மேத் 1314 காலேஜ் அல்ஜீப்ரா. மேத் 2413 கால்குலஸ். பிசிக்ஸ் 1401 அல்ஜீப்ரா வழி இயற்பியல். பிசிக்ஸ் 2425 கால்குலஸ் வழி இயற்பியல். இன்ஜினியரிங் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்த இரண்டு ஜோடிகளிலும் பின்னதுதான் உதவும். அந்தப் பையன் எடுத்தது முன்னது. பள்ளிப் படிவத்தில் "காலேஜ் பிசிக்ஸ்" என்று மட்டும் போட்டிருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஏ.பி.யா, டூயல் கிரெடிட்டா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். பொதுவாகச் சொன்னால் இரண்டும் நல்லவை; பாடத்துக்குப் பாடம்தான் பதில் மாறும். ஏ.பி. என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நாடு முழுக்க நடத்தும் தேர்வு. வருடம் முழுக்கப் பள்ளியில் படித்துவிட்டு மே மாதத்தில் ஒரு நாள், ஏறத்தாழ மூன்று மணி நேரம் எழுதுவது. 1 முதல் 5 வரை மதிப்பெண். கட்டணம் கிட்டத்தட்ட 100 டாலர். டெக்சாஸ் பொதுப் பல்கலைக்கழகங்கள் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தர வேண்டும் என்று 2015இல் சட்டம் வந்தது. ஒரு பாடத்துக்கு அதைவிடக் கூடுதல் மதிப்பெண் வேண்டும் என்று பல்கலைக்கழகம் கேட்க நினைத்தால், அதற்குத் தகுந்த சான்று இருக்க வேண்டும். டூயல் கிரெடிட் என்பதோ உண்மையான கல்லூரிப் பாடம். உங்கள் பகுதியில் காலின் காலேஜ் போன்ற கம்யூனிட்டி காலேஜ் தன் பாடத்திட்டப்படி நடத்தும். பள்ளியும் கல்லூரியும் அதே வகுப்பைத் தத்தம் கணக்கில் ஏற்றிக்கொள்ளும். அரையாண்டு முழுக்கச் செய்த வேலைக்கு மதிப்பெண். ஒருநாள் தேர்வில் தடுமாறும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் பெற்றோர் பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஏ.பி.யில் 2 வாங்கினால் அதைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். 5 வாங்கியும், பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க விரும்பினால் பெரும்பாலும் கிரெடிட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கிய சி அப்படிப் போகாது. பதினாறு வயதில் எழுதிய கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் ஆயுள் முழுக்கக் கூட வரும். பிறகு மனம் மாறி மருத்துவம் படிக்க நினைத்தால், டெக்சாஸ் மருத்துவக் கல்லூரிகளுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். விண்ணப்பத்திலும், நாடு முழுவதற்குமான ஆம்காஸ் விண்ணப்பத்திலும் பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் காட்ட வேண்டும். அந்த மதிப்பெண்களும் ஜி.பி.ஏ.வில் (சராசரி மதிப்பெண்ணில்) சேரும். கல்லூரி நிதியுதவிக்கான முன்னேற்றக் கணக்கிலும் தோல்விகளும் பாதியில் விட்ட பாடங்களும் சேரக்கூடும். பயமுறுத்தச் சொல்லவில்லை. பள்ளியில் பி வாங்கும் பாடத்தை, "கிரெடிட் கிடைக்குமே" என்று அவசரப்பட்டு டூயலில் போடாதீர்கள்.

இதை வைத்துத்தான் உங்கள் மகளுக்கு இப்படிச் சொல்வேன். ஆங்கிலம், வரலாறு, அரசியல் ஆகிய மூன்றையும் டூயல் கிரெடிட்டில் முடிக்கட்டும். இங்லிஷ் 1301, 1302. ஹிஸ்டரி 1301, 1302. கவர்ன்மென்ட் 2305, 2306. மொத்தம் 18 கிரெடிட் ஹவர், எல்லாமே கோர். நன்றாக எழுதத் தெரிந்தாலே சமாளிக்கலாம். அரசியலில் இன்னொரு லாபமும் உண்டு. ஏ.பி. அமெரிக்க அரசியல் தேர்வு கூட்டாட்சி அரசைப் பற்றியது. டெக்சாஸ் அரசியலமைப்பு அதில் இல்லை. மாநிலச் சட்டப்படி அதையும் படித்தாக வேண்டும். ஆகவே ஏ.பி.யில் 5 வாங்கினவர்களும் டெக்சாஸ் அரசியலுக்கென்று தனியாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். டூயலில் 2306 எடுத்தால் அந்தக் கடன் தீர்ந்தது.

கால்குலஸ் பிசி, பிசிக்ஸ் சி (கால்குலஸ் வழி இயற்பியல்), கம்ப்யூட்டர் சயன்ஸ் ஏ மூன்றையும் ஏ.பி.யில் வைத்துக்கொள்ளட்டும். இவை அவள் துறையின் அடித்தளம். இங்கே அவளுக்குப் பின்வாங்கும் உரிமை வேண்டும். கால்குலஸ் பிசியில் 5 வந்தால் பல இடங்களில் கால்குலஸ் ஒன்றும் இரண்டும் கழிந்துவிடும், நேரே மூன்றாவதில் உட்காரலாம். உட்கார வேண்டுமா என்பது வேறு கேள்வி. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பழைய கால்குலஸ் இரண்டு இறுதித் தேர்வுத்தாள் ஒன்றைத் தேடி எடுத்து, கோடை விடுமுறையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எளிதாக முடித்தால் தாவட்டும், திணறினால் கிரெடிட்டை விட்டுவிட்டுக் கீழிருந்தே தொடங்கட்டும். டெக்சாஸ் ஏ அண்டு எம் போன்ற இடங்களில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கு முதலாண்டு ஜி.பி.ஏ.வைப் பார்த்துத்தான் பிரிவு ஒதுக்குவார்கள். தெரிந்த பாடங்களையெல்லாம் தாவிவிட்டால், அந்த ஜி.பி.ஏ. முழுக்கக் கடினமான பாடங்களிலிருந்தே வரும். அதையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வகுப்பு ரேங்க் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து, மாநிலத்துப் பள்ளிகளில் முதல் 5 சதவீதத்தில் வருபவர்களுக்கு மட்டுமே தானியங்கி இடம் தருகிறது. அதுவும் பல்கலைக்கழகத்தில்தான் இடம், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் அல்ல. ஏ.பி.க்கும் டூயலுக்கும் ரேங்கில் எவ்வளவு எடை என்பது பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கவுன்சிலரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். உங்கள் மாவட்டத்தில் டூயலுக்கு எடை குறைவு என்றால், அவள் ரேங்க் அந்த எல்லையில் நிற்கிறது என்றால், வரலாற்றை ஏ.பி.யிலேயே எடுக்கட்டும். நான் மேலே சொன்னதை அந்த ஒரு காரணத்துக்காக மாற்றலாம்.

மாநிலத்துக்கு வெளியே போகும் எண்ணம் இருந்தால் கணக்கே வேறு. பள்ளி வளாகத்திலேயே நடந்த டூயல் வகுப்புகளையும், பள்ளிப் படிப்பை முடிக்கவே பயன்பட்ட பாடங்களையும் ஏற்காத தனியார் பல்கலைக்கழகங்கள் நிறைய. ஏ.பி. நாடு முழுக்கத் தெரிந்த அளவுகோல், ஆனால் அதற்கும் எல்லா இடத்திலும் கிரெடிட் கிடைக்காது. டார்ட்மத் கல்லூரி பல வருடங்களாக ஏ.பி.யைப் பட்டத்துக்கான கிரெடிட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. எந்த நிலை வகுப்பில் உட்கார வைப்பது என்பதற்குப் பார்க்கிறது. எம்.ஐ.டி.யில் கால்குலஸ் பிசிக்கு 5 இருந்தால்தான் பேச்சே. உங்கள் பட்டியலில் அப்படிப்பட்ட இடங்கள் இருந்தால், கிரெடிட்டை நினைக்காமல் பாடத்தின் கனத்துக்காக ஏ.பி.யை எடுங்கள். ஐ.பி. டிப்ளமோ (பன்னாட்டுப் பள்ளிப் பாடத்திட்டம்) இருக்கும் பள்ளி என்றால், டெக்சாஸ் பொதுப் பல்கலைக்கழகங்கள் டிப்ளமோவோடு 4க்குக் குறையாத மதிப்பெண்களுக்கு 24 ஹவராவது தர வேண்டும்.

பணம் மிச்சமாகுமா? பாதி உண்மை. ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவருக்குத் தட்டையான கட்டணம். 12 ஹவர் எடுத்தாலும் 16 எடுத்தாலும் அதே தொகைதான். ஆகவே 6 கிரெடிட் குறைந்ததால் ஒரு டாலரும் மிச்சமில்லை. முழுதாக ஒரு செமஸ்டர் குறைந்தால்தான் மிச்சம். இன்ஜினியரிங்கில் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் செமஸ்டரைக் குறைப்பது கடினம். ஆனால் 18 கோர் ஹவர் முன்பே முடிந்திருந்தால், செமஸ்டருக்கு ஒரு பாடம் குறைவாக எடுத்து மூச்சுவிட்டுப் படிக்கலாம். ஆராய்ச்சிக்கோ இன்டர்ன்ஷிப்புக்கோ இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால் அதுதான் நிஜமான லாபம். இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: கடந்த நான்கு ஆண்டுகளில் எப்போதாவது பள்ளியில் இலவச அல்லது சலுகை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால், 2023இல் வந்த ஃபாஸ்ட் என்ற மாநிலத் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரிகளில் டூயல் கிரெடிட்டுக்குக் கட்டணமே இல்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

உங்கள் விசா விஷயம். ஹெச்-4இல் (ஹெச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை டூயல் கிரெடிட் எடுப்பதற்குத் தடை இல்லை. ஆனால் 21 வயது ஆனதும் ஹெச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், கட்டணத் தகுதியும் மாறக்கூடும். மகள் பிறந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 வயது கடைசி ஆண்டின் நடுவில் வருகிறது என்றால், உங்கள் வீட்டில் ஒரு செமஸ்டர் முன்னதாக முடிப்பதற்கு மற்றவர்களைவிட அதிக மதிப்பு உண்டு. அதற்காகவே சில ஹவர் கூடுதலாகச் சேர்ப்பது நியாயம்தான். குடியேற்ற வழக்கறிஞரிடமும் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. டூயலில் சேர டி.எஸ்.ஐ. என்ற கல்லூரித் தகுதித் தேர்வு எழுத வேண்டும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஆங்கிலத்தில் 480, கணிதத்தில் 530 இருந்தால் விலக்கு. ஏ.பி. தேர்வுக்குப் பதிவு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும், தாமதித்தால் அபராதம். மதிப்பெண்ணை ஒரு பல்கலைக்கழகத்துக்கு இலவசமாக அனுப்ப வருடந்தோறும் ஜூன் 20 கடைசி. பள்ளி முடிந்ததும் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டியது மாணவிதான், தானாகப் போகாது. ஆஸ்டினில் ஏ.பி. கிரெடிட்டையும் மாணவியே உள்ளே போய்க் கோர வேண்டும்.

கடைசியாக, அந்த 42 ஹவர் பட்டியலையும், அவள் விரும்பும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பட்டத் திட்டத்தையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். பக்கத்தில் பள்ளியின் பாடப் பட்டியல். எண்ணுக்கு எண் பொருத்திப் பார்த்தபின், சந்தேகம் உள்ளதைப் பல்கலைக்கழக ஆலோசகருக்கு எழுதிக் கேளுங்கள். "ஏற்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "இந்தப் பட்டத்தில் எந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்பீர்கள்?" என்று கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சலை மகளே எழுதட்டும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வயது பதினாறே ஆனாலும், அங்குள்ள பதிவேடுகளின் உரிமை கூட்டாட்சிச் சட்டப்படி மாணவியுடையது. நீங்கள் தொலைபேசியில் கேட்டால் பேராசிரியர் பதில் சொல்ல மறுப்பார். இப்போதே அவள் எழுதிப் பழகினால் அடுத்த ஆகஸ்டில் உங்களுக்கு வேலை குறையும்.