பெட்டியில் 5.3, சமையலறையில் விட்டு விட்டு

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் 1,800 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பெட்டியில் புளூடூத் வெர்ஷன் 5.3 என்று போட்டிருக்கிறது. என் பழைய போனில் 4.2. ஹாலில் நன்றாகப் பாடுகிறது. போனோடு சமையலறைக்குப் போனால் விட்டு விட்டுக் கேட்கிறது. கடைக்காரர், "போனை மாத்துங்க மேடம், சரியாயிடும்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அவர் போனும் விற்கிறாரோ? வேண்டாம், மாற்றாதீர்கள். புளூடூத்தில் புதியது பழையதோடும் ஒத்துப்போகும். 5.0 வந்தபோது ‘நான்கு மடங்கு தூரம்’ என்றார்களே, அது மின்சாரத்தைக் கொஞ்சமாகச் செலவழிக்கும் ‘லோ எனர்ஜி’ முறைக்கானது. உங்கள் ஸ்பீக்கருக்குப் பாட்டு போவது அநேகமாகப் பழைய ‘கிளாசிக்’ முறையில்தான்.

சிக்கல் நடுவில் இருக்கிறது. புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ரேடியோ அலைவரிசையில். வைஃபையில் பாதியும் மைக்ரோவேவ் அவனும் அதே இடத்தில்தான். நெரிசலில் மாட்டாமலிருக்க, புளூடூத் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். ஆனால் செங்கல் சுவரும் ஃபிரிட்ஜும் குறுக்கே நின்றால் தாவி என்ன பயன்? நம் உடம்பும் ஒரு சுவர்தான். அதிலுள்ள தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். ஸ்பீக்கருக்கு எதிரே நின்று போனை வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். அப்படியே திரும்பி, முதுகைக் காட்டுங்கள். சில சமயம் அதற்கே பாட்டு திணறும். பத்து மீட்டர் என்பதெல்லாம் வெட்டவெளிக் கணக்கு.

அதனால் ஸ்பீக்கரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். கைப்பிடிச் சுவரில் வைத்து, போனை முன்னால் நீட்டிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒழுங்காகப் பாடினால் ஸ்பீக்கரில் கோளாறில்லை; சமைக்கும்போது ஸ்பீக்கரையும் கூடவே தூக்கிப்போங்கள். வீட்டு ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதில் இணைத்துவிடுங்கள், கொஞ்சம் நெரிசல் குறையும்.

மாடியிலும் விட்டு விட்டுக் கேட்டால், இன்னொருவர் போனிலும் போட்டுப் பாருங்கள். அப்போதும் அப்படியேதான் என்றால் கோளாறு ஸ்பீக்கரில். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடைக்காரர் போர்டைக் காட்டினால் அசராதீர்கள். பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதற்கும் மசியவில்லையா, 1915-க்குப் போன் போட்டுப் புகார் கொடுக்கலாம்.

அது சரி, பில் வாங்கினீர்களா? அதை எழுதவே இல்லையே!