போட் பிடிக்க முதல்

இந்தக் கிழமை வந்த கேள்விகளில் முக்கால்வாசி கடலைப் பற்றியவை. நல்லூர்க் கொடியேற்றம் கிட்ட வந்தால் இப்படித்தான். வெளிநாட்டுச் சொந்தங்கள் ரிக்கெற் போட்டதும் இங்கே உள்ளவர்கள் வானும் போட்டும் தேடத் தொடங்கிவிடுவார்கள். வான் பற்றி முன்னரே எழுதியாயிற்று. இம்முறை போட்.

கேள்வி: கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறது. எங்களோடு சேர்த்துப் பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நாலு பேர். கடைக்குட்டிக்கு மூன்று வயது, அம்மாவுக்கு 72. காரைநகரில் ஏறி, கடற்கோட்டையைச் சுற்றி, எழுவைதீவு, அனலைதீவுக் கரையோரமாக நயினாதீவு வரை போய்ப் பின்னேரம் திரும்புவதாக ஒருவரிடம் ஃபைபர் போட் பேசியிருக்கிறோம். பாதிக் காசு முற்பணம் கேட்கிறார். கடல் சரியில்லாவிட்டால் காசு திரும்பாதாம், வேறு நாளில் கொண்டுபோவாராம். கட்டலாமா? (கோண்டாவில் வாசகி)

பதில்: அந்த நிபந்தனையோடு கட்டாதீர்கள். படகுக்காரர் பேய்க்காட்டுகிறார் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் கேட்கும் மாதம் அப்படி. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் பக்கம் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும். மழை ஓய்ந்த பிறகு மாசி, பங்குனியில் இதே கடல் பல நாள் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் வெளிநாட்டுப் பள்ளிக்கூட லீவும் நல்லூர்த் திருவிழாவும் விழுவது ஆடி, ஆவணியில். அந்தக் காலத்தில் கடல் ஒரு நாள் சரியில்லாமல் போவது அதிசயமில்லை, அதையும் கணக்கில் எடுத்துத்தான் முற்பணம் பேச வேண்டும். வேறு நாளில் போவது இங்கேயே இருக்கிற உங்களுக்குச் சரி. மூன்று கிழமை லீவில் வந்து, அதையும் கொழும்பு, கதிர்காமம், கலியாண வீடு என்று பங்கு போட்டு வைத்திருக்கும் அண்ணாவுக்கு வேறு நாள் எங்கே இருக்கிறது?

அவருக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதி, "சரி" என்று ஒரு பதில் வாங்குங்கள்: முற்பணம் கால்வாசி. பயணத்தன்று காலை ஆறு மணிக்குக் கடலைப் பார்த்து முடிவெடுப்பது. காற்றுக் காரணமாக ஓட்டி வேண்டாம் என்றாலும், நாங்கள் வேண்டாம் என்றாலும், கட்டிய காசு முழுவதும் திரும்பும். பாதி வழியில் திரும்பினால் ஓடிய தூரத்துக்கு எரிபொருள் காசு மட்டும்.

இதில் "நாங்கள் வேண்டாம் என்றாலும்" என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். போனால்தான் காசு என்று ஓட்டியை நிறுத்தி வைத்தால் அவர் போகத்தான் பார்ப்பார். அவர் தினமும் கடலில் கிடக்கிறவர், அவருக்கு அது அலையே இல்லை. உங்கள் அம்மாவுக்கு அது அலை.

காலையில் முடிவெடுப்பது எப்படி? வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் "காங்கேசன்துறையிலிருந்து மன்னார் ஊடாகப் புத்தளம் வரை" என்று வரும் வரியைப் பாருங்கள். வானொலியில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன வரிதான். காற்று மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வரை போகும் என்றிருந்தால் பேச்சே இல்லை. அதற்கு எவ்வளவோ கீழே, 20 முதல் 28 கிலோமீற்றர் காற்றிலேயே அலைமுனைகளில் அடிக்கடி வெள்ளை நுரை கட்டிவிடும். கரையில் நின்றாலே தெரியும். மூன்று வயதுப் பிள்ளை ஏறும் திறந்த போட்டுக்கு அந்த நுரையைக் கண்டாலே திரும்பி வீட்டுக்கு வரலாம்.

அடுத்தது ஆட்கணக்கு. நீங்கள் 11 பேர். ஓட்டியும் கூட ஒரு பெடியனும் சேர்ந்தால் 13. இருபது அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்காவில் சொல்லும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15 ஆல் வகுக்க வேண்டும், வருவதுதான் ஏற்றக்கூடிய ஆட்தொகை. 18 அடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்றால் 99. வகுத்தால் ஆறே சொச்சம். அதுவும் அமைதியான கடலுக்கு. "போன கிழமையும் பதினைந்து பேரை ஏற்றினேன்" என்பார்கள். ஏற்றியிருப்பார்கள்தான். 2021 கார்த்திகையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் கவிழ்ந்த மிதவையும் அதற்கு முதல் நாள்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

பிறகு உயிர்காப்பு அங்கி. "இருக்கு" என்ற பதிலை நம்ப வேண்டாம், முதல் நாளே போய் எடுத்துப் பாருங்கள். பெரிய ஆட்களின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால், தண்ணீரில் அங்கி மேலே வரும், பிள்ளை கீழே நழுவும். பிள்ளைக்கு அங்கியைப் பூட்டி, தோள்ப்பட்டியில் இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி நாடியைத் தாண்டிக் காதடிக்கு வந்தால் அது அந்தப் பிள்ளைக்கு உரியதில்லை. கால்களுக்கு இடையில் பூட்டும் பட்டியும் கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மடலும் இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் பஞ்சை நசித்துப் பாருங்கள், மா மாதிரி உதிர்ந்தால் அந்த அங்கிக்குக் காலம் முடிந்துவிட்டது. நாலு பிள்ளைக்கும் அளவாக அங்கி இல்லையென்றால் வேறு போட் பாருங்கள்.

நான் இவ்வளவு இழுத்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் தங்கச்சியின் பிள்ளைகளோடு நானும் இப்படி ஒரு போட்டில் ஏறினேன். புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் நடுவே எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. ஓட்டி எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை நசித்தார், கயிற்றை இழுத்தார், திரும்ப நசித்தார். எண்ணெயோடு தண்ணீர் கலந்திருந்ததாம். எஞ்சின் நின்ற போட் அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிவிடும். அணியத்தில், அதாவது போட்டின் முன்பக்கத்தில், நங்கூரம் போட்டால் மூக்கு அலையைப் பார்த்து நிற்கும். எங்கள் கடல் ஆழமில்லாதது, நங்கூரம் சுலபமாகத் தரை பிடிக்கும். ஆனால் எங்கள் போட்டில் இருந்தது நங்கூரம் மட்டும்தான், கயிறு வீட்டில். பிள்ளைகளின் அங்கிகள் "கொட்டிலுக்குள்ள பூட்டிக் கிடக்கு". ஒரு மீன்பிடிப் படகு வந்து கட்டி இழுத்ததால் கரை சேர்ந்தோம். இறங்கியதும் இழுத்து வந்தவருக்குக் கொடுக்க எண்ணெய்க் காசு எங்களிடமே கேட்டார்கள். கொடுத்தேன். அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

ஆகவே ஏற முன் நங்கூரக் கயிற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். எரிபொருளை மூன்றாகப் பிரித்து, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று தாங்கி நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு அவர் கையில் மாட்டியிருக்க வேண்டும். அநேகமாக அது எஞ்சினிலேயே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

என்னிடம் விட்டால் உங்கள் பயணத்தை இரண்டாக வெட்டுவேன். திறந்த ஃபைபர் போட்டில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. மூன்று வயதுப் பிள்ளையோடும் அம்மாவோடும் முழு நாள் என்பது கடலே அமைதியாக இருந்தாலும் தண்டனை. நயினாதீவுக்கு எல்லோருமாகக் குறிகட்டுவான் போய்ச் சேவைப் படகில் ஏறுங்கள். கொஞ்ச நேர ஓட்டம். அம்மா நாகபூசணி அம்மன் கோயில் வீதியில் ஆறுதலாக இருக்கலாம். இன்னொரு நாள் காலை, பிள்ளைகளும் இளவட்டமும் மட்டும் காரைநகரில் இருந்து கடற்கோட்டையைச் சுற்றி ஒரு மணித்தியாலம், இரண்டு ஓட்டமாக.

அதைப் பேசும்போது சுற்றிப் பார்ப்பதா, இறங்குவதா என்று தெளிவாகக் கேளுங்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பன்றித்தொடையின் குதி என்று பொருள்பட ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்த கோட்டை அது. இலங்கையின் வடிவத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஞாபகம் வந்தது சாப்பாடுதான். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி. தலைவர் ரோகண விஜேவீரவை அடைத்து வைத்ததும் அங்கேதான். இப்போது கடற்படையின் கையில் இருக்கிறது. படகுக்காரர் "கோட்டைக்குக் கொண்டுபோவேன்" என்று சொன்னால் அவர் கையில் இருப்பது சுற்றிக் காட்டுவது மட்டும். உள்ளே போக அனுமதி கடற்படை தருவது.

கேள்வி: ஒருவர் ஆளுக்கு இவ்வளவு என்கிறார், இன்னொருவர் போட்டுக்கு இவ்வளவு என்கிறார். விலை நியாயமா என்று எப்படிப் பார்ப்பது? (சாவகச்சேரி)

பதில்: போட்டுக்குப் பேசுங்கள். தலைக்கணக்கில் பேசினால் இன்னும் நாலு தலையை ஏற்றும் ஆசை யாருக்கும் வரும். விலையைப் பார்க்க எரிபொருளில் இருந்து தொடங்குங்கள். 40 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குக் கிட்டத்தட்ட 15 லீற்றர் குடிக்கும். மெதுவாக ஓடினால் அதைவிட நன்றாகக் குறையும். கரையில் காத்து நிற்கும் நேரத்துக்கு எண்ணெய் செலவில்லை. ஆக, எட்டு மணி நேரப் பயணம் என்று சொன்னாலும் உண்மையில் ஓடுவது இரண்டு மணி நேரம் என்றால் 30 லீற்றர். அன்றைய விலையால் பெருக்குங்கள். மிச்சம் ஓட்டியின் கூலி, போட்டின் தேய்மானம், அவருடைய லாபம். லாபம் வைக்கத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். மலிவாக ஓடுகிறவர் அங்கியிலும் கயிற்றிலும்தான் மிச்சம் பிடிப்பார்.

கேள்வி: கடலில் ஏறினாலே எனக்குச் சத்தி வரும். (உரும்பிராய்)

பதில்: வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், புட்டும் சம்பலும் கட்டிவிட்டும் போகாதீர்கள். போட்டின் பின்பக்கத்தில் நடுவாக இருந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். குளிசை போடுவதென்றால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், சத்தி வந்த பிறகு பலனில்லை. எந்தக் குளிசை, எவ்வளவு என்று மருந்தாளரிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். தேசிக்காய் மணந்தால் சுகம் என்று மாமிமார் சொல்வார்கள். கெடுதல் இல்லை, கொண்டுபோங்கள்.

கேள்வி: கூரை போட்ட போட், மத்தியானச் சாப்பாடு, மூன்று தீவு என்று படம் காட்டிக் காசு வாங்கினார்கள். வந்தது கூரை இல்லாத மீன்பிடி போட், பார்த்தது ஒரு தீவு. பற்றுச்சீட்டும் தரவில்லை. இனி ஏதும் செய்யலாமா? (திருநெல்வேலி)

பதில்: செய்யலாம், ஆனால் கெதியாக. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமில்லை, சேவைக்கும் உரியது. சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுப்பது குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டைச் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது, தொலைபேசியில் 1977.

பற்றுச்சீட்டு இல்லையென்று சோர வேண்டாம். அவர்கள் அனுப்பிய படம், பேசிய வட்ஸ்அப், காசு போட்ட வங்கித் துண்டு, நீங்கள் போட்டில் இருந்து எடுத்த படங்கள் எல்லாம் சாட்சி. அந்தப் படங்களில் படகின் பக்கத்தில் எழுதிய இலக்கம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கி ஜே.எஃப்.என். என்று முடிந்தால் அது கடற்றொழில் திணைக்களத்தில் மீன் பிடிக்கப் பதிந்த படகு. உல்லாசப் பயணத்துக்கென்று காசு வாங்கிக்கொண்டு அதைக் கொண்டுவந்தார்கள் என்பதை முறைப்பாட்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். முழுக்காசும் திரும்பும் என்று ஆசை காட்ட மாட்டேன். கடிதம் போனதும் பாதியாவது தர முன்வருவார்கள் என்பது இந்தப் பத்தி எழுதிய அனுபவம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் மச்சான், வருடா வருடம் வாடகை கொடுப்பதைவிட ஒரு பழைய போட்டும் எஞ்சினும் வாங்கி விடலாம் என்கிறான். பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில். (மானிப்பாய்)

பதில்: வருடத்தில் மூன்று கிழமை ஓட ஒரு போட் வாங்குவது மச்சானுக்குச் சந்தோஷம், உங்களுக்கு வேலை. மிச்சம் 49 கிழமையும் அதைக் கழுவுவதும் மூடுவதும் நீங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவாமல் நிறுத்தினால் உள்ளே உப்புக் கட்டிவிடும்.

பார்க்கத்தான் வேண்டும் என்றால் காலையில் போங்கள், எஞ்சின் சூடாக இருக்கக் கூடாது. முதலே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஓடும்போது பின்னால் ஒரு சிறு துளையால் தண்ணீர் பீச்ச வேண்டும், அதுதான் குளிர்த்தும் தண்ணீர். சொட்டுச் சொட்டாக வந்தால் விலையைப் பேசாமல் திரும்புங்கள். கீழே கியர் எண்ணெய்ப் பூட்டைக் கழற்றச் சொல்லி இரண்டு துளி விரலில் எடுங்கள். பால்தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் உள்ளே கடல் தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் பூட்டும் பின்பலகைதான் போட்டின் உயிர்நாடி. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் உள்ளே மரம் உக்கிவிட்டது. போட்டின் உடம்பை ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டிக்கொண்டே போங்கள். "டக் டக்" என்ற சத்தம் ஓரிடத்தில் "தொப்" என்று மாறினால் அங்கே ஃபைபர் விட்டுக்கிடக்கிறது. புதுப் பெயின்ற் பளபளக்கும் இடத்தை இரண்டு தரம் தட்டுங்கள்.

இவ்வளவும் சரி வந்து, மச்சான் வாங்கித்தான் தீருவான் என்றால், போட்டை யார் பேரில் பதிவது என்பதை அவன் திரும்பிப் பிளேன் ஏற முதல் பேசி முடியுங்கள். அந்த விஷயத்தில் வந்த கடிதங்கள் என் மேசையில் தனியாக ஒரு கட்டு கிடக்கிறது.